குகைக்கு மேல ஒரு ஹாஸ்டல்!

ஹாஸ்டல் ரூம் சுவர்ல ஓதம் ஏறி பெயின்ட் பொரிஞ்சு கொட்டினா என்ன பண்ணுவீங்க? வார்டனுக்கு லெட்டர் எழுதுவீங்க. பதில் வராது. கறை மேல ஒரு போஸ்டரை ஒட்டிட்டு குப்புறப் படுத்துத் தூங்கிடுவீங்க, சரிதானே பாஸ்?

அந்த ஹாஸ்டலுக்கு வார்டனும் நீங்க, கொத்தனாரும் நீங்க, பிளம்பரும் நீங்கன்னு ஒரு நிலைமை வந்தா? சம்பளம் ஜீரோ. இப்படி ஒரு இடம் நிஜமாவே இருக்கு. அதுவும் குகைக்கு மேல!

பிரிட்டன்ல வேல்ஸ்னு ஒரு நாடு. அங்கே ஸ்வான்சீ பள்ளத்தாக்கோட மேல்கோடியில, மலை மேல பென்வில்ட்னு ஒரு குட்டி ஊர். ஒரு காலத்துல சுண்ணாம்புக்கல் குவாரி, உலைகளுக்கான சிலிகா செங்கல் சூளை, ரயில்வே ஸ்டேஷன்னு கலகலன்னு இருந்த ஊர். அடெலினா பாட்டின்னு உலகப்புகழ் ஆப்பரா பாடகி பக்கத்து மாளிகையில குடியிருந்தாங்க. அவங்களுக்குன்னே அந்த ஸ்டேஷன்ல தனி வெயிட்டிங் ரூம் இருந்ததுன்னா பார்த்துக்கோங்க! (பேர்தான் பாட்டி. பாட்டுல ராணி!) வேலை போச்சு, ஜனம் போச்சு. 1962-ல பயணிகள் ரயிலும் நின்னு போச்சு.

ஆனா காலடியில ஒரு புதையல் கிடைச்சது. 1946-ல கண்டுபிடிச்ச அந்தக் குகையோட பேர் 'ஓகோவ் ஃபனன் தீ'. பயப்படாதீங்க, நம்ம ஊர்த் தீ இல்லை. வெல்ஷ் மொழியில இந்த இடத்துல 'தீ'ன்னா கறுப்பு. மொத்தப் பேருக்கும் அர்த்தம் 'கறுப்பு ஊற்றுக் குகை'. 50 கிலோமீட்டருக்கு மேல நீளம். ஆழம் சுமார் 274 மீட்டர். பிரிட்டன்லயே ஆழமான குகை இதுதான். அதே 1946-ல ஆரம்பிச்ச சவுத் வேல்ஸ் கேவிங் கிளப்புக்கு, பென்வில்ட்ல இருக்கிற பழைய தொழிலாளர் வீட்டு வரிசைதான் தலைமையகம், தங்குமிடம் எல்லாமே.

அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை, குகையிலிருந்து சேறும் சகதியுமா வர்றவங்களுக்கு வெந்நீர், நனைஞ்ச துணியைக் காயவைக்க ஒரு அறை. இந்த மாதிரி கிளப் விடுதிகள்ல ரூம் பாய் கிடையாது. வருஷத்துல சில வார இறுதிகளை 'வேலை நாள்'னு ஒதுக்கிடுவாங்க. அன்னிக்குக் குகைக்கு லீவு, கொத்து வேலைக்கு ட்யூட்டி! கயிறு பிடிச்ச கையில சாந்துக் கரண்டி. பேராசிரியர் கலவை கலக்குவார், ஸ்டூடண்ட் சுமப்பான். எலக்ட்ரீஷியனா வேலை பார்க்கிறவர்தான் அன்னிக்கு ஹீரோ. எல்லாருக்கும் ஒரே பெரிய பாத்திரத்துல சமையல். தங்குறவங்க கொடுக்கிற சின்னக் கட்டணம் சிமென்ட், மரம், கரன்ட் பில்னு போயிடும்.

'சிமென்ட்'னு சொல்லிட்டேன் இல்லையா... அங்கேதான் மேட்டரே! இப்படிப்பட்ட பழைய கல் வீடுகள்ல கண்ணை மூடிக்கிட்டு சிமென்ட் பூசினா ஆபத்து. அந்தச் சுவர்களுக்கு அடியில ஓதத்தைத் தடுக்கிற பட்டை கிடையாது. மண்ணுல இருந்து ஈரம் மேலே ஏறும். மழைத் தண்ணியும் உள்ளே இறங்கும். அந்த ஈரம் கல்லு இடுக்குல இருக்கிற சுண்ணாம்புச் சாந்து வழியா ஆவியாகி வெளியே போகணும். மேலே சிமென்ட்டைப் பூசிட்டா மூக்கைப் பொத்தின மாதிரிதான். உள்ளே மாட்டின ஈரம் பூசணமா வெளியே வரும். அதனால விஷயம் தெரிஞ்சவங்க பழைய பூச்சைச் சுரண்டிட்டு, திரும்பச் சுண்ணாம்பையே பூசுவாங்க. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கிட்டு அது மெதுவா, ரொம்ப மெதுவா மறுபடி கல்லா மாறும். அவசரப்பட்டா வேலைக்கு ஆகாது. செட்டிநாட்டு வீடுகளைக் கட்டின நம்ம கொத்தனார்களுக்கு இதெல்லாம் அத்துப்படி.

இன்னொரு சுவாரஸ்யம் கேளுங்க. மழைத்தண்ணி கார்பன் டை ஆக்சைடோட சேர்ந்து லேசான அமிலமாகி, லட்சக்கணக்கான வருஷமா சுண்ணாம்புக்கல்லைக் கரைச்சதாலதான் கீழே குகையே உருவாச்சு. கீழே கல்லைக் கரைச்ச அதே வாயு, மேலே சுவர்ல சாந்தைக் கல்லாக்குது. கெமிஸ்ட்ரி மிஸ் இதைச் சொல்லியிருந்தா நாம தூங்கியிருக்கவே மாட்டோம்!

'சரி, பொழுதுபோக்கு கிளப்புக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?'னு நீங்க கேக்கறது புரியுது. 2021 நவம்பர் 6, சனிக்கிழமைக்கு வாங்க. அந்தக் குகைக்குள்ளே போன ஒருத்தர் விழுந்து பலத்த காயம். நடக்க முடியாது. பல இடத்துல ஆள் நுழையறதே கஷ்டம், இதுல ஸ்ட்ரெச்சர் எப்படிப் போகும்? பிரிட்டன் முழுக்க இருந்து குகை மீட்புக் குழுக்கள் பென்வில்ட்டுக்கு வந்து சேர்ந்தாங்க. 200 பேருக்கு மேல. கிட்டத்தட்ட எல்லாருமே தன்னார்வலர்கள். ஷிஃப்ட் போட்டு, கைமாத்திக் கைமாத்தி, 54 மணி நேரம். திங்கட்கிழமை சாயங்காலம் அவரை உயிரோட வெளியே கொண்டு வந்துட்டாங்க. வேல்ஸ் வரலாற்றிலேயே நீண்ட குகை மீட்பு அதுதான்.

இப்போ யோசிங்க. நவம்பர் குளிர்ல, குகைத் தண்ணியில நனைஞ்சு விறைச்சுப்போய் ஒரு ஷிஃப்ட் வெளியே வருது. அவங்களுக்கு முதல்ல என்ன வேணும்? ஒழுகாத கூரை, சூடான டீ, காய்ஞ்ச துணி, கொஞ்ச நேரம் சாய ஒரு கட்டில். இதெல்லாம் அன்னிக்கு ஆர்டர் பண்ணி வாங்கற சமாச்சாரமா? என்னிக்கோ ஒரு ஞாயித்துக்கிழமை யாரோ ஒருத்தர் தூக்கத்தைத் தியாகம் பண்ணிக் கூரை ஓட்டை மாத்தியிருந்தாத்தான் உண்டு. ஸ்ட்ரெச்சர் பிடிச்சவங்களை டி.வி.யில காட்டினாங்க. சாந்து பூசின கையை எந்த கேமராவும் காட்டாது. 2018-ல தாய்லாந்து குகையில சிக்கின 12 சிறுவர்களையும் அவங்க கோச்சையும் முதல்ல கண்டுபிடிச்ச ரெண்டு பிரிட்டிஷ்காரங்களும் இதே மாதிரித் தன்னார்வக் குகை முக்குளிப்பாளர்கள்தான். அந்தத் திறமை வளர்றதே இந்த மாதிரி கிளப் கலாசாரத்துலதான்.

நம்மகிட்ட குகை இல்லைன்னா என்ன, என்.எஸ்.எஸ். இருக்கே! வருஷத்துக்கு 120 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம். பல காலேஜ்ல அது சர்டிஃபிகேட்டுக்காக மரக்கன்னு நட்டு போட்டோ எடுக்கறதோட முடிஞ்சிடுது. ஒரு முகாமை, ஒரு கிராமத்து நூலகத்துக்கோ உங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்கோ ஒதுக்கிப் பாருங்களேன். அனுமதி வாங்கிட்டு, ஊர்க் கொத்தனார் ஒருத்தரை வாத்தியாரா வெச்சுக்கோங்க. வரிசை முக்கியம் மக்களே: முதல்ல கூரை, அப்புறம் தண்ணி வடியற குழாய், அப்புறம் சுவர், கடைசியாத்தான் பெயின்ட். தலைகீழாப் பண்ணினா அடுத்த மழையில காசு கரைஞ்சிடும். கரன்ட் வேலையை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க, ஹீரோயிசம் வேண்டாம்.

ஒரு தடவை கூரையேறி ஓடு மாத்தினவன், அதுக்கப்புறம் அந்தக் கட்டடத்துச் சுவர்ல பேரு கிறுக்க மாட்டான். கிறுக்கறவனையும் விடமாட்டான். என்ன, வர்ற லீவுக்கு கரண்டி பிடிக்க ரெடியா?