ஹான்லே வரை ஓர் அம்பாஸடர் – 3: மலைக்கு முன் மலை

போன வாரம் ஹான்லேயைப் பற்றி எழுதினேன். நம் ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் லடாக்கின் கிழக்கு மூலையில், 4,500 மீட்டர் உயரத்தில், ஹான்லே தொலைநோக்கியையும் நடத்துகிறது. எங்கள் சேத்துப்பட்டிலிருந்து முதலாவது கூப்பிடு தூரம். இரண்டாவது மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே 1988 மாடல் பெட்ரோல் அம்பாஸடரில் போகலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

போகலாம். ஆனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் புதுசாக மாற்றிக்கொண்டு கிளம்பக் கூடாது. பழைய வண்டியை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் நேற்று மாட்டிய புது சாமான்தான். உத்தரப்பாரா ஆலையில் அம்பாஸடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இப்போது சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கிடைப்பதில் ஒரு பங்கு பழைய ஸ்டாக். மீதி, யார் செய்தது என்றே தெரியாத சாமான். ரப்பர் பெட்டிக்குள் இருந்தபடியே கிழடாகும். ஹோஸ் வாங்கினால் கடையிலேயே மடக்கிப் பாருங்கள். மடிப்பில் முடி போல வெடிப்பு தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்லதென்று வாங்கியதையும் மாட்டி, ஊரைச் சுற்றி ஒரு மாதம் ஓட்டிய பிறகே நம்ப வேண்டும். கழற்றிய பழையது ஓடுகிற நிலையில் இருந்தால் அதைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொள்வது உத்தமம்.

எங்கள் வண்டி பல வருஷம் ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் பட்டுப்புடவைக் கட்டு ஏற்றிப் போன வண்டி. இன்ஜினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் மெக்கானிக் அண்ணன் முதலில் கை வைத்தது பிரேக்கில். “ஓடாத வண்டிய ஓட வெச்சிரலாம் தம்பி. நிக்காத வண்டிய இன்னா பண்ணுவ?” என்றார்.

நாலு சக்கரத்திலும் டிரம். பின் சக்கரத்தின் வீல் சிலிண்டரைக் கழற்றி, பக்கெட் ரப்பரை வெளியே தள்ளி, உள்சுவரை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காட்டினார். எனக்குப் பளபளப்பாகத்தான் தெரிந்தது. விரலை விடச் சொன்னார். ஓரிடத்தில் நகம் மாட்டியது. அம்மைத் தழும்பு போல இரண்டு மூன்று குழிகள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்காக மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் உள்ளே துருவாகிறது. தட்டையான சாலையில் அந்த ஈரம் இருப்பதே தெரியாது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும்போதுதான் ஈரம் கலந்த ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சு போல அமுங்கும். குழி விழுந்த சிலிண்டருக்கு ரப்பர் கிட் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். அந்த யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம். சிலிண்டரையே மாற்றினோம். ஆயில் முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றி, நாலு சக்கரத்திலும் காற்று எடுத்தோம்.

அடுத்தது ரேடியேட்டர். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அடுப்பில் காயும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. மேல் டேங்கின் பற்றவைப்பைப் பிரித்துத் திறந்து பார்த்தபோது பல குழாய்களின் வாய் பாதி அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தி எடுத்து, மறுபடி ஈயம் வைத்து மூடினார்கள். இனி டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரிபாதி. அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கும் அப்பால் போனால்தான் உறையும், கொதிநிலையையும் சற்று ஏற்றித் தரும். ஹான்லே உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் வாஷரும் அழுத்தத்தைப் பிடித்து வைக்க வேண்டும். சின்ன மூடி என்று அலட்சியம் செய்யாமல் நல்லதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறினோம். தூர வழி கிளம்புகிற யாரும் இந்தப் பரீட்சையை விடக் கூடாது. ஏலகிரியோ கொல்லிமலையோ, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற மலை எதுவானாலும் சரி. போகப்போகிற ஆட்களையும், ஏற்றப்போகிற சாமான் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, நல்ல வெயிலில் ஏற வேண்டும். இரண்டாவது கியரில் நெடுநேரம் இழுக்கும்போதுதான் கிளட்ச் நழுவுகிறதா, சூடு முள் எங்கே போய் நிற்கிறது, பின் பட்டை எவ்வளவு தாழ்கிறது என்பதெல்லாம் வெளிப்படும். மேலே காவலூரைத் தாண்டி ஆலங்காயம் பக்கம் இறங்கினோம். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பாடம். கீழே வந்ததும் ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார் அண்ணன். மூன்று ஒரே சூடு, ஒன்று மட்டும் கூடுதல். அந்தச் சக்கரத்தில் லைனர் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. ஷூவைத் தளர்த்தி வைத்தார். சேத்துப்பட்டில் சுற்றிக்கொண்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

ஜவ்வாது மலையில் சோதிக்க முடியாத ஒன்றும் உண்டு. காற்று. நாங்கள் போகும் மணாலி–லே பாதையில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இன்ஜினுக்குப் போகும் காற்று அந்த அளவுக்குக் குறைய, கார்புரேட்டர் அதே கணக்கில் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கரும்புகை வரும், பிளக் கருக்கும், இழுவை செத்துப் போகும். இந்த 1,489 சி.சி. இன்ஜின் புதிதாக இருந்தபோதே ஐம்பது குதிரைத்திறன். கணவாய் உச்சியில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. ஆகவே இரண்டே பேர் போகிறோம். பின் சீட்டில் ஆள் கிடையாது. கலவைத் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினால் பெட்ரோல் குறையும் என்பதை அண்ணன் எனக்கு வீட்டு வாசலிலேயே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். மேலே ஏறும்போது குறைக்க வேண்டும். இறங்கியதும் மறக்காமல் கூட்ட வேண்டும். குறைத்தபடியே சமவெளியில் ஓட்டினால் இன்ஜின் சூடேறி வால்வு கருகும்.

உயரத்தில் பெட்ரோலும் சீக்கிரம் ஆவியாகும். சூடான இன்ஜினை ஒட்டி இருக்கும் பம்ப்பில் ஆவி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிடும். சித்திரை வெயிலில் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஓட்டிய டாக்ஸிக்காரர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஈரத்துணியை நாங்களும் எடுத்துப்போகிறோம். அதோடு பின்னால் டேங்குக்கு அருகில் ஒரு மின்சார பம்ப்பும் வைத்து, தனி ஸ்விட்ச் கொடுத்திருக்கிறோம்.

டேங்க் கொள்ளளவு 54 லிட்டர். லாஹுல் பள்ளத்தாக்கில் தண்டி என்னும் ஊரின் பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று சொல்லும் ஒரு பலகை புகழ்பெற்றது. மலையில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய டேங்க் அந்தத் தூரத்தைக் கடக்க மயிரிழையில்தான் போதும். வழியில் மண் சரிந்து, இன்ஜினை அணைக்காமல் காத்துக் கிடக்க நேர்ந்தால் போதாது. எனவே தகரக் கேனில் இருபது லிட்டர் கூடுதல்.

டிக்கியில் போகிறவற்றை முழுக்க எழுத இடமில்லை. ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட், கண்டென்சர், காயில், ஹோஸ்கள், ஆக்சிலேட்டர் கேபிள், கட்டுக்கம்பி, கிழிந்த சைக்கிள் டியூப், ஒரு பார் சோப்பு. சோப்பு குளிக்க இல்லை. கல் பட்டு டேங்க் ஒழுகினால் அந்த இடத்தில் சோப்பைத் தேய்த்து அப்பினால் பெட்ரோல் அதைச் சுலபத்தில் கரைக்காது, அடுத்த ஊர்வரை தாங்கும். டியூபை நாடாவாகக் கிழித்து ஹோஸ் வெடிப்பின் மேல் இறுக்கிச் சுற்றலாம். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். அதைத் தகட்டு அளவியால் வைக்க நானே பழகியிருக்கிறேன். இந்தப் பட்டியலில் இருக்கும் எந்தச் சாமானையும், போகிற இரண்டு பேரில் ஒருவராவது சாலையோரத்தில் தன் கையால் மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத சாமானை ஏற்றினால் பாரம்தான் கூடும்.

காகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஆர்.சி. நடப்பில் இருக்கிறது, இன்ஷூரன்சும் புகைச் சான்றிதழும் தயார். ஆனால் தேசியத் தலைநகர்ப் பகுதியில் பதினைந்து வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025-இல் அந்த விவகாரம் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்தது. என்றாலும் 1988 வண்டியோடு போய் டெல்லி எல்லையில் வாதாட எனக்கு விருப்பம் இல்லை. அதனால் ஜெய்ப்பூரிலிருந்து சீகர், ஹிசார், கைத்தல் வழியாக அம்பாலாவைப் பிடிக்கிறோம். டெல்லியைத் தொடாத அந்தச் சுற்றுவழியை அடுத்த வாரம் ஊர் ஊராக எழுதுகிறேன்.

(தொடரும்)