பனிப்பொழிவில் வீட்டு உலையின் வெளிக்குழாய்களைக் காத்தல்

குளிர்நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக வைத்திருக்கும் எரிவாயு உலைக்கு ஃபர்னஸ் என்று பெயர். உலை எரியக் காற்று வேண்டும். எரிந்தபின் வரும் புகை வெளியேறவும் வேண்டும். இவ்விரண்டுக்குமான குழாய்களின் வாய்கள் வீட்டின் வெளிச்சுவரில் இருக்கும். கடும் பனிப்பொழிவில் இவை மூடிக்கொண்டால் உலை நின்று வீடு உறைந்துபோகலாம். சில வேளைகளில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வீட்டுக்குள் புகுந்து உயிரையும் பறிக்கலாம்.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதை எழுதுவானேன் என்று தோன்றலாம். நம்மூரில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையை நனைப்பதுதான். ஆனால் நம் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் கனடா சென்று, ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் போன்ற இடங்களில் வீடுகளின் கீழ்த்தளத்தை (பேஸ்மென்ட் என்பார்கள்) வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள். உலை இருப்பதும் பெரும்பாலும் அதே கீழ்த்தளத்தில்தான். என் பழைய மாணவர் ஒருவர் பனிக்காலத்தில் ஓர் இரவு அழைத்து, "சார், ஹீட்டர் நின்னு போச்சு, வீட்டுக்காரர் காலையில பாக்கலாம்னு சொல்றார்" என்றார். சுவரோரம் போய்ப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வெள்ளைக் குழாய்களும் பனிக்குள் புதைந்திருந்தன. அதற்கு முன் அவை எதற்கென்று அவருக்குத் தெரியாது.

உலை இயங்கும் விதம்

இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு பங்கு மீத்தேன் முழுமையாக எரிய இரண்டு பங்கு ஆக்சிசன், அதாவது ஏறத்தாழ பத்துப் பங்கு காற்று வேண்டும். அப்போது கிடைப்பவை கார்பன் டை ஆக்சைடும் நீராவியும். காற்று குறைந்தால் எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகும்.

பழைய வகை உலைகளின் புகை மிகுந்த சூடாக இருக்கும். அது தானாகவே மேலெழுந்து கூரைப் புகைபோக்கி வழியே போய்விடும். இப்போதுள்ள உயர்திறன் உலைகளோ எரிபொருளின் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வீட்டுக்கே தந்துவிடுகின்றன. மிஞ்சும் புகை பிளாஸ்டிக் குழாயே தாங்கும் அளவுக்கு ஆறியிருக்கும். ஆறிய புகை தானாக மேலே ஏறாது; ஒரு சிறு விசிறி அதை வெளியே தள்ள வேண்டும். ஆகவே குழாயைக் கூரைவரை கொண்டுபோகாமல், கீழ்த்தளத்திலிருந்து நேராகப் பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். எரிபொருள் மிச்சமாகிறது, ஆனால் புகைவாய் தரைக்கு அருகே வந்துவிட்டது.

வழக்கமாகத் தேங்கும் பனியின் மட்டத்துக்குச் சுமார் 30 செ.மீ. மேலாகவாவது குழாய்வாய் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 2022 ஜனவரி 17 அன்று டொராண்டோவின் சில பகுதிகளில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குப் பனி கொட்டியது. காற்று அடித்துச் சுவரோரம் குவிக்கும் பனி இதைவிட உயரமாகவும் இருக்கும்.

அடைபட்டால் என்ன ஆகும்?

குழாய் அடைத்துக்கொண்டால் காற்றழுத்த மாற்றத்தை உணரும் ஒரு சுவிட்ச் உலையை நிறுத்திவிடும். இது நல்ல பாதுகாப்புத்தான். எனினும் பழுதான உலையையும், பாதி அடைபட்ட குழாயையும், இத்தகைய சுவிட்ச் இல்லாத பழைய கருவிகளையும் அது காப்பாற்றாது. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளிமத் நகரத்து வீடொன்றில் பனி புகைவாயை மூடியதால் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அவள் பெயரால் வந்த 'நிக்கோல் சட்டம்' அம்மாநில வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கி, 2006-இல் நடைமுறைக்கு வந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 2008-ஆம் ஆண்டு உட்ஸ்டாக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் ஒரு குடும்பத்தின் நால்வரும் இறந்தனர். அதன் விளைவாக அங்கும் 2013-இல் சட்டம் இயற்றப்பட்டது. எரிபொருள் கருவியுள்ள வீட்டில் உறங்கும் அறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி வேண்டும். வாடகை வீட்டில் அதைப் பொருத்துவது வீட்டுக்காரரின் கடமை. கேட்டு வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

உலை நின்ற வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். 2013 டிசம்பரில் டொராண்டோவைத் தாக்கிய பனிக்கட்டிப் புயலின்போது ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகளில் மின்சாரம் போனது. அப்போது நச்சுவாயு குறித்த அழைப்புகள் தீயணைப்புத் துறைக்குக் குவிந்தன. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் மூடிய அறைக்குள் கரி மூட்டி உறங்கியவர்கள் இறந்த செய்திகளை நாமும் படித்திருக்கிறோம்.

மூச்சு ஏன் முட்டுவதில்லை?

இதை விளக்க எங்கள் கடற்கரையே உதவும். முத்துக்குளிப்பவர் மூச்சடக்கிக் கீழே போகிறார். சற்று நேரத்தில் மேலே வா என்று உடல் அவரை உந்துகிறது. அந்த உந்துதலுக்கு முதன்மைக் காரணம் ஆக்சிசன் குறைவது அன்று. இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. நச்சுவாயு நிறைந்த அறையில் இருப்பவரோ வழக்கம்போல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. ஆகவே மூச்சு முட்டாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு அதன் இடத்தை அடைத்துவிடுகிறது. மூழ்குபவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை உறங்குபவருக்குக் கிடைப்பதில்லை.

இன்று சங்கு குளிப்பவர்கள் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்து மூழ்குகிறார்கள். இயந்திரப் புகை காற்றெடுக்கும் வாயில் கலந்தால் அவர்களுக்கும் இதே நஞ்சுதான். உள்ளிழுக்கும் வாயும் புகைவாயும் கலந்துவிடக்கூடாது என்பது படகுக்கும் கனடா வீட்டுக்கும் ஒன்றே.

தலைவலி, கிறக்கம், குமட்டல், சோர்வு ஆகியவை அறிகுறிகள். காய்ச்சல் இல்லாத ஃபுளூ போல இருக்கும். வெளியே போனால் குறையும், திரும்பி வந்தால் கூடும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் சந்தேகிக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பக்கூடாது, அது சரியான அளவையே காட்டிக்கொண்டிருக்கும். மூக்கும் உதவாது. சமையல் எரிவாயுவுக்கு மணம் ஊட்டியிருப்பார்கள். எரிந்து உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது.

செய்ய வேண்டியவை

பனிக்காலம் தொடங்கும் முன்பே உங்கள் வீட்டுக் குழாய்வாய்கள் எங்கே என்று பார்த்துவையுங்கள். பனியில் புதைந்தபின் தேடுவது கடினம். அருகே உயரமான கம்பு ஒன்றை நட்டுவைப்பது நல்லது. மாசசூசெட்ஸில் தாழ்வான புகைவாய்க்கு நேர்மேலே எட்டடி உயரத்தில் அறிவிப்புத் தகடே பொருத்தச் சொல்கிறார்கள்.

பனி நின்றபின் ஒருமுறை பார்த்தால் போதாது. பெரும்பனி கொட்டும்போது இடையிடையே பார்க்க வேண்டும். குழாயைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்காவது வெளி இருக்கட்டும். கையுறை அணிந்த கையாலோ மெல்லிய துடைப்பத்தாலோ விலக்குங்கள். மண்வாரியால் ஓங்கி இடித்தால் பிளாஸ்டிக் குழாய் உடையும். வெந்நீர் ஊற்றினால் அது அங்கேயே உறைந்து புதிய அடைப்பாகும். பாதையிலிருந்து வாரும் பனியைச் சுவரோரம் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. பனி வீசும் இயந்திரத்தின் வாயையும் குழாய்ப் பக்கம் திருப்பக்கூடாது. புகையின் ஈரம் குழாய்நுனியில் பனிக்கட்டியாக உறையும், அதையும் கவனியுங்கள். பனியைத் தடுப்பதற்கென்று துணியோ பெட்டியோ வைத்து மூடவே கூடாது.

அடைப்பை நீக்கியபின்னும் உலை மீளாவிட்டால் உரிமம் பெற்ற தொழில்நுட்பரை அழைக்க வேண்டும். எச்சரிக்கைக் கருவி தொடர்ந்து ஒலித்தால் காரணம் தேடி நிற்காதீர்கள். எல்லாரையும் எழுப்பி, வெளியே வந்து தலை எண்ணிவிட்டு, 911-ஐ அழையுங்கள். தீயணைப்பு வீரர்கள் அளந்து பார்த்துச் சொல்லும்வரை கையுறை எடுக்கக்கூட உள்ளே போகக்கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் மின்கலம் தீர்ந்துவிட்டது, அல்லது கருவியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். ஆயுள் வழக்கமாக 7 முதல் 10 ஆண்டுகள். மாற்ற வேண்டிய ஆண்டு கருவியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.