எதிர்க்கும் அவையிலேயே இடம் பிடிப்பதா?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையோடு 1993-இல் தொடங்கப்பட்டது ஐக்கிய ராஜ்ய சுதந்திரக் கட்சி. சுருக்கமாக யூகிப். நிறுவியவர் ஆலன் ஸ்கெட், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் வரலாறு கற்பித்தவர். கோரிக்கையில் கட்சிக்குள் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை அடையும் வழி பற்றித்தான் கால் நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டார்கள்.

முதல் சண்டை ஐரோப்பிய நாடாளுமன்றத்தைப் பற்றியது. தேர்தலில் நிற்கலாம், ஆனால் வென்றாலும் அந்த அவையில் போய் உட்காரக் கூடாது என்றார் ஸ்கெட். அங்கே கிடைக்கும் சம்பளமும் படிகளும் நம் ஆட்களையே மாற்றிவிடும் என்பது அவர் அச்சம். எதிரணியினரோ, வெறும் கையோடு எத்தனை நாள் கட்சி நடத்துவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1997 பொதுத் தேர்தலில் யூகிப் வாங்கியது 0.3 சதவீதம். அதன் வேட்பாளர்களில் சால்ஸ்பரியில் நின்ற நைஜல் ஃபராஜ் மட்டுமே டெபாசிட்டைக் காப்பாற்றினார். அந்த ஆண்டே ஸ்கெட் கட்சியை விட்டு வெளியேறினார்.

1999-இல் ஐரோப்பியத் தேர்தலுக்கு விகிதாசார முறை வந்ததும் நிலைமை தலைகீழானது. 7 சதவீத வாக்குக்கு 3 இடங்கள் கிடைத்தன. ஃபராஜ் உள்ளிட்ட மூவரும் அவைக்குப் போனார்கள். உறுப்பினர் பதவியோடு வந்த அலுவலகமும் உதவியாளர்களும் தொலைக்காட்சி வெளிச்சமும், லண்டன் நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லாத கட்சிக்கு உயிர் கொடுத்தன. ஸ்கெட்டின் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் அவர் வழியில் போயிருந்தால் அந்தக் கட்சி பிழைத்திருக்காது என்பதே என் கணிப்பு.

இரண்டாவது சண்டை இன்னும் கடினமானது: கன்சர்வேட்டிவ் கட்சியை என்ன செய்வது? ஒன்றியத்தை எதிர்க்கும் கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு எதிராக நின்றால் ஓட்டைப் பிரித்து, ஒன்றிய ஆதரவாளரை ஜெயிக்க வைப்பதாக ஆகும். நிற்காவிட்டால் கட்சி எதற்கு? 2004 ஐரோப்பியத் தேர்தலில் 12 இடங்கள் வென்ற மகிழ்ச்சி அடங்குவதற்குள் இந்தக் கேள்வி வெடித்தது. கன்சர்வேட்டிவ் கட்சியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று யூகிப் மாநாட்டில் முழங்கினார் முன்னாள் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ராபர்ட் கில்ராய் சில்க். பெரும் நன்கொடையாளரான தொழிலதிபர் பால் சைக்ஸ் ஆதரவை விலக்கிக்கொண்டார். சில மாதங்களில் கில்ராய் சில்க்கும் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். 2010-இல் தலைவராக இருந்த பியர்சன் பிரபு நேர் எதிர் திசையில் போனார். சில தொகுதிகளில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர்களை ஆதரிக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். தன் கட்சிக்காரர்களே களத்தில் இருக்கும்போது தலைவர் இப்படிப் பேசினால் தொண்டன் யாருக்காக வீடு வீடாக ஏறி இறங்குவான்?

அதிக வாக்கு வாங்கியவரே வெல்லும் முறையில் யூகிப்பின் வாக்குகள் நாடெங்கும் சிதறிக் கிடந்தன. 2015 பொதுத் தேர்தலில் சுமார் 38.8 லட்சம் வாக்குகள் பெற்றும் அதற்கு ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் மட்டும் போட்டியிட்ட ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி சுமார் 14.5 லட்சம் வாக்குகளில் 56 இடங்களை அள்ளியது. யூகிப்பின் உண்மையான பலம் இடங்களில் இல்லை, பயமுறுத்துவதில் இருந்தது. கன்சர்வேட்டிவ் வாக்காளர்கள் யூகிப்புக்குப் போய்விடுவார்களோ என்ற கவலை, 2013 ஜனவரியில் அக்கட்சியின் பிரதமர் டேவிட் கேமரன் ஒன்றியத்தில் நீடிப்பது பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குறுதி தந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். 2016-இல் 51.9 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள்.

வாக்கெடுப்புப் பிரசாரத்திலும் பிளவு ஓயவில்லை. கட்சியின் ஒரே எம்.பி. டக்ளஸ் கார்ஸ்வெல் ஓர் அணியில், ஃபராஜ் வேறோர் அணியில். குடியேற்றத்தை முன்னிறுத்தினால் நடுநிலையாளர்கள் விலகிவிடுவார்கள் என்பது கார்ஸ்வெல் தரப்பு வாதம். குடியேற்றம்தான் மக்களை வாக்குச்சாவடிக்கு இழுக்கும் என்பது ஃபராஜ் தரப்பு வாதம். 2018-இல் ஃபராஜும் யூகிப்பை விட்டு விலகினார்.

கன்சர்வேட்டிவ் கட்சியை என்ன செய்வது என்ற பழைய கேள்வி மட்டும் அவரோடு கூடவே போனது. 2019 பொதுத் தேர்தலில் அவருடைய புதிய பிரெக்ஸிட் கட்சி, கன்சர்வேட்டிவ் வசம் இருந்த 317 தொகுதிகளில் போட்டியிடாமல் ஒதுங்கியது. கன்சர்வேட்டிவ் தலைவர் போரிஸ் ஜான்சன் பெரும் வெற்றி பெற்றார். அதே கட்சி 'ரிஃபார்ம் யூகே' என்ற புதுப் பெயரில் 2024-இல் விட்டுக்கொடுக்க மறுத்து, 41 லட்சம் வாக்குகளும் 5 இடங்களும் பெற்றது. அந்தத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 121 இடங்களுக்குச் சுருங்கியது.