பிரான்ஸில் இல்லாத பிரெஞ்சு விலங்கு

பெப்பே லெ பியூ ஒரு பிரெஞ்சுக்காரன். குழைந்து குழைந்து பேசுவான், எந்நேரமும் காதல் பித்து, தன் நாற்றம் தனக்கே தெரியாது. வார்னர் பிரதர்ஸுக்காக சக் ஜோன்ஸ் இயக்கிய 1945-ஆம் ஆண்டுக் கார்ட்டூனில் அறிமுகமான இவன், ஸ்கங்க் இனத்தவன். வாலைத் தூக்கிக் கந்தகச் சேர்மங்களைப் பீய்ச்சும் அந்த விலங்கு இயற்கையாக வாழ்வது அமெரிக்கக் கண்டங்களில்தான். பிரெஞ்சுக் காடுகளைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒன்றுகூட அகப்படாது. போதாக்குறைக்கு, முதல் படத்தின் முடிவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து அவனைப் பிடிக்கிறாள். அவன் பெயர் ஹென்றி, பிரெஞ்சு உச்சரிப்பே வேஷம் என்று குட்டு உடைகிறது!

பிரெஞ்சுக்காரன் என்றால் ஏன் இப்படியே வரைகிறார்கள்? கணக்குப் போட்டால் பாதி விடை கிடைக்கும். திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள். ஏழு நிமிடக் கார்ட்டூனுக்கு 10,080. ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 5,040 படங்களைக் கையால் வரைய வேண்டும். ‘இவர் இன்னார்’ என்று சொல்ல அரை நொடிதான் அவகாசம், அதாவது ஆறு படம். அந்த ஆறுக்குள் வேலை முடிய வேண்டுமானால், பார்ப்பவர் தலையில் ஏற்கெனவே இருக்கும் படத்தையே எடுத்து வரைய வேண்டும். இப்படித் தயாராக இருக்கும் படத்தைக் குறிக்கும் ஸ்டீரியோடைப், கிளிஷே ஆகிய இரண்டு சொற்களும் பிரெஞ்சு அச்சுக்கூடத்தில் பிறந்தவை. எழுத்துகளை ஒவ்வொரு முறையும் கோக்காமல், ஒரே தகடாக வார்த்து வைத்துக்கொண்டு அச்சடிப்பதற்கு அந்தப் பெயர்கள்.

மிக்கி மவுஸுக்கு 1929-ல் வெள்ளைக் கையுறை வந்ததிலும் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: கறுப்பு உடம்பின்மேல் கறுப்புக் கை தெரியாது. ஆனால் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடை நாடகங்களிலும் அதே கையுறை இருந்தது. கைக்குச் சொன்ன காரணம் சரிதான்; கையுறையைப் பார்த்து எழுந்த சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அது விடையாகாது.

டாம் அண்ட் ஜெர்ரியில் இன்னும் வெளிப்படை. 1940 முதல் 1952 வரை டாமை விளக்குமாற்றால் விரட்டிய கறுப்பினப் பணிப்பெண்ணுக்குக் கால்கள் உண்டு, குரல் உண்டு, முகம்தான் கிட்டத்தட்டக் கிடையாது. குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப். 1960-களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவளை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள். கறை போயிற்று, கூடவே ஆளும் போய்விட்டாள். இது எனக்குத் திருத்தமாகப் படவில்லை. மெக்சிகோ எலி ஸ்பீடி கொன்சாலஸின் கதை நேர் எதிர். அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க் அதை ஒதுக்கி வைத்தபோது, திரும்பக் கேட்டவர்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் இருந்தார்கள். 2002-ல் எலி மறுபடி ஓடியது. மற்ற எல்லாரையும் ஏய்க்கும் கெட்டிக்காரன் அவன். தங்கள் ஆள் ஜெயிப்பதை யார்தான் விடுவார்கள்?

பேனா யார் கையில் என்ற கேள்வியும் உண்டு. 1908 ஆகஸ்டில் பாரிஸில் எமில் கோல் என்ற கேலிச்சித்திரக்காரர் சுமார் 700 படங்களை ஓடவிட்டு ‘ஃபான்டாஸ்மகோரி’யைத் திரையிட்டார். உலகின் முதல் கார்ட்டூன் படமென்று பலரும் சொல்வது அதைத்தான். அதே ஆண்டு பாரதி பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே வந்த ‘இந்தியா’ இதழ், 1910 வரை இங்கிருந்தபடி பிரிட்டிஷ் ஆட்சியைக் கருத்துப்படங்களில் கிண்டலடித்தது. ஆள்பவரை ஆளப்பட்டவர் கோடுகளால் சுருக்கிக் காட்டிய அபூர்வ இடம் அது.

இந்த ஊரிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவரை ‘சொல்தா’ என்பார்கள். கறுத்த மேனி, லுங்கி, வெற்றிலைக் காவிப் பல். பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே வாக்களிப்பார். இவரை ஆறு படத்தில் பிரெஞ்சுக்காரர் என்று காட்ட வேண்டுமானால், தலையில் ஒரு பெரே தொப்பியை மாட்டிவிட வேண்டியதுதான். மாட்டியதும், அசல் பிரெஞ்சுக் குடிமகனே வேஷம் போட்டவராகத் தெரிவார், ஹென்றியைப் போல.