எந்த மாத்திரை உயர்ந்தது?

ஞாயிறு காலையில் நெல்லித்தோப்புக் கோவில் முற்றத்திலே பெரியவர்கள் இருவர் கூடினால் பேச்சு விரைவில் இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு வந்துவிடுகின்றது. “எனக்குக் கொடுத்தது விலை கூடியது” என்பதில் ஒருவருக்குப் பெருமை கூட! இவ்வொப்பீடு வேடிக்கையன்று. சென்ற தவக்காலத்தில் ஒரு மூதாட்டியார் தம் மாத்திரையை விடுத்து, அண்டை வீட்டம்மாளின் அடெனலோலை வாங்கி விழுங்கினார். அவரோ ஆஸ்துமா நோயாளி. அன்றிரவே மூச்சுத் திணறி மருத்துவமனை சேர்ந்தார். அம்மருந்து இதயத்துடிப்பைத் தணிப்பது. சிலருக்கு மூச்சுக் குழாயையும் இறுக்கிவிடும்.

நம் நாட்டுக்கு இத்துறையில் பழம்பெருமை உண்டு. சர்ப்பகந்தி வேரினால் கொதிப்புத் தணிவதைப் பம்பாய் மருத்துவர் ரஸ்தம் வக்கீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழொன்றில் எழுதி உலகறியச் செய்தார். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் மனச்சோர்வு தருவதாகக் கண்டமையால், இன்று அருகிவிட்டது.

இன்றைய மருந்துகளில் எது மேல்? அமெரிக்காவிலும் கனடாவிலும் முப்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், மலிவான நீர்மாத்திரை குளோர்தாலிடோன், புதியனவற்றுக்குச் சிறிதும் சளைக்கவில்லை. அண்மையில் நம் நாட்டின் 32 மருத்துவமனைகளில் 1,981 பேருக்கு அம்லோடிபின், பெரிண்டோபிரில், இண்டபமைடு ஆகிய மூன்றில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். ஆறு திங்களில் மூன்று கூட்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவே பயன் தந்தன. பத்தில் எழுவருக்கு அழுத்தம் 140/90க்குக் கீழ் இறங்கியது.

வேறுபாடு பெரும்பாலும் உடலைப் பொறுத்தது. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும்; எமக்கே செருப்பு நுழையவில்லை. எனலாபிரில் வறட்டிருமல் தரலாம். அப்போது மருத்துவர் டெல்மிசார்டன் போன்றதற்கு மாற்றுவார். இவ்விரண்டும் கருவுற்ற பெண்களுக்கு ஆகா. நீர்மாத்திரை உப்புச் சத்துகளைக் குறைத்துவிடக் கூடுமாதலால் இரத்தச் சோதனை வேண்டும். அடெனலோலைத் திடீரென நிறுத்துவதோ இதய நோயாளிக்குப் பேராபத்து.

தலைவலி இல்லையே என்று நிறுத்துவோரும் உளர். கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி காட்டாது. பக்கவாதமே முதல் அறிகுறியாக வந்த வீடுகளை நாம் அறிவோம்.

மூதாட்டியார் இப்போது நலம். தம் மாத்திரை அட்டையைப் பையிலிட்டுக் கோவிலுக்குக் கொண்டுவருகிறார். கேட்போருக்குக் காட்டுகிறார், கொடுப்பதில்லை.