கால் மைல் கணக்கு

ஆக்லாந்து மாநகரின் தென்மேற்கு ஓரத்தில், மனுகாவ் துறைமுகத்தைப் பார்த்துச் சரியும் மேட்டில் இருக்கிறது லின்ஃபீல்ட். சாதுவான ஊர். அங்கிருந்து 20ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, பிறகு 1ஆம் எண்ணில் தெற்கே போனால், போக்குவரத்து நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்குள் மெரிமெரி வந்துவிடும். ஒரு காலத்தில் நிலக்கரி மின் நிலையத்துக்குப் பேர்போன சிற்றூர். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நியூசிலாந்தின் கார் பித்தர்களுக்கு நினைவுக்கு வருவது டிராக் ரேஸ் ஓடுபாதைதான். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடி முடிக்க எத்தனை நொடி? பந்தயம் அவ்வளவுதான்.

வாரம் முழுக்க அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வரும் அதே வண்டி, வார இறுதியில் இந்தக் கோட்டில் வந்து நிற்கும். அதை 'ஸ்ட்ரீட் அண்ட் ஸ்ட்ரிப்' கார் என்கிறார்கள். கையைக் கடிக்காமல், வீட்டுக் கராஜிலேயே அப்படி ஒரு வண்டியைச் செய்துகொள்வது நியூசிலாந்தில் பழைய பழக்கம். அதற்குக் காரணம் தட்டுப்பாடு. 1938இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புது கார் கிடைப்பது பல்லாண்டுகள் குதிரைக்கொம்பாக இருந்தது. இருக்கிற வண்டியைப் பிரித்துப் பூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டது ஒரு தலைமுறை. இன்வர்கார்கில் ஊரின் பர்ட் மன்ரோ, 1920ஆம் ஆண்டு மாடல் இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிளின் பிஸ்டனைக்கூடத் தன் கொட்டகையிலேயே வார்த்து, 1967இல் அமெரிக்க உப்புச் சமவெளியில் மணிக்கு 295 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தது இந்தப் பழக்கத்தின் உச்சம். 1980களின் இறுதியில் ஜப்பானின் பழைய கார்கள் வந்து குவியத் தொடங்கின. கராஜ்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

நமக்கும் இது புதிதல்ல. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் அம்பாசடர், பியட், ஹெரால்டு தவிர வேறு கதியில்லாத நாட்களில், அவற்றையே பிரித்து மாற்றி சோழவரம் விமான ஓடுதளத்தில் விரட்டினார்கள். கோவையின் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரையே செய்தார். பின்னாளில் ஃபார்முலா ஒன் போன நரேன் கார்த்திகேயன் தொடக்கக் காலத்தில் ஓட்டியது அதைத்தான்.

இனி கணக்குக்கு வருவோம். கராஜில் கார் கட்டுகிறவர் முதலில் ஆசைப்படுவது குதிரைத்திறன். இயற்பியல் அந்த ஆசைக்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. 1973இல் ஜெஃப்ரி ஃபாக்ஸ் என்ற இயற்பியலாளர், அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களின் ஆய்விதழில் டிராக் ரேஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்ஜின் திறன் முழுவதும் வேகமாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், கால் மைலுக்கு ஆகும் நேரம், எடையைத் திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது. ரோஜர் ஹன்டிங்டன் என்ற வாகன எழுத்தாளர் ஓடுபாதை முடிவுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து முன்பே சொன்ன சூத்திரமும் இதே வடிவம்தான்.

கனமூலம் என்பது கஞ்சத்தனமான கணக்கு. நேரத்தைப் பாதியாகக் குறைக்கத் திறனை இரண்டு மடங்கு ஆக்கினால் போதாது; எட்டு மடங்கு ஆக்க வேண்டும். 1,200 கிலோ எடை, 100 கிலோவாட் (சுமார் 134 குதிரைத்திறன்) உள்ள பழைய ஜப்பானிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றின் எதிர்ப்பு, கியர் மாற்றும் தாமதம் எல்லாவற்றையும் மறந்துவிட்டால் காகிதத்தில் 13.0 நொடி. டர்போ பூட்டி 200 கிலோவாட் ஆக்கினால் 10.3. காசே செலவழிக்காமல் பின் சீட்டு, உதிரிச் சக்கரம், ஸ்பீக்கர் பெட்டி என்று 100 கிலோவைக் கழற்றிப் போட்டால் 12.6.

ஆனால் இந்தக் காகிதக் கணக்கில் ஒரு பொய் இருக்கிறது. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. வேகம் சுழியாக இருக்கும்போது மாறாத திறன் வேண்டுமென்றால் விசை முடிவிலி ஆக வேண்டும். எந்த டயர் அதைத் தாங்கும்? தரையில் ஒட்டுகிற அளவுக்குத்தான் டயர் தள்ளும், மிஞ்சியதெல்லாம் புகை.

ஓடும் பேருந்தில் நிற்பவர்கள் டிரைவர் வேகமெடுத்ததும் பின்னால் சாய்வார்கள் அல்லவா? காரின் எடையும் அப்படித்தான் பின் சக்கரங்களின் மேல் சாய்கிறது. எடை முன்னும் பின்னும் சரிபாதி, சக்கர இடைவெளி இரண்டரை மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர், உராய்வுக் கெழு 1 என்று வைத்துக்கொண்டால், பின் சக்கரங்களின் மேல் இருந்த 600 கிலோ, கிளம்பும்போது 750 ஆகிறது. கிடைக்கும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.62 பங்கு. முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் இது தலைகீழ்: முன்பக்கம் 60 சதவீத எடையோடு நின்றாலும், கிளம்பியதும் அந்த 720 கிலோ 600 ஆகக் குறைந்து, 0.5 பங்குதான் மிஞ்சும். டிராக் பாதையில் பின் சக்கரம் உந்தும் வண்டிக்கு மவுசு இருப்பது இதனால்தான்.

இந்த வரம்பைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறுகிறது. நம் 100 கிலோவாட் காரில் மணிக்கு 49 கிலோமீட்டர் வரை ஆட்சி செய்வது இன்ஜின் அல்ல, டயர். 13.0 என்று வந்த நேரம் 14.0 ஆகிறது. டர்போ பூட்டிய 200 கிலோவாட் காரிலோ மணிக்கு 98 கிலோமீட்டர் வரை டயரின் ஆட்சிதான், 10.3 என்று கனவு கண்டது 12.2இல் வந்து நிற்கிறது. இப்போது இன்ஜினைத் தொடாமல், உராய்வுக் கெழு 1.4 உள்ள மென்மையான ரப்பர் டயர் இரண்டைப் பின்னால் மாட்டுங்கள். அதே கார் 11.1 நொடி. ஒரு முழு நொடி, இரண்டு டயரில்!

உராய்வுக் கெழு 1ஐத் தாண்டுமா என்று பள்ளிப் பாடம் படித்தவர்கள் கேட்கலாம். ரப்பர் தரையோடு உரசுவது மட்டுமில்லை. நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து ஒட்டவும் செய்கிறது. சூடேறினால் இன்னும் ஒட்டும். கிளம்பும் முன் தண்ணீரில் டயரை நனைத்துச் சுழலவிட்டுப் புகை கிளப்புவது வேடிக்கைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அழுக்கைக் கழற்றி ரப்பரைச் சூடாக்கும் வேலை அது. பாதையின் தொடக்கத்தில் பிசின் போன்ற ஒரு திரவத்தையும் தெளித்திருப்பார்கள். நடந்து பார்த்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும். ஒரு எச்சரிக்கை: டயர் வழுக்கிக்கொண்டிருந்த வரை மற்ற உறுப்புகள் தப்பித்தன. டயர் ஒட்டத் தொடங்கியதும் கிளட்ச், புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் என்று அடுத்த பலவீனமான இடம் தேடி உடையும்.

டர்போவுக்கும் இடம் உண்டு. பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ அந்தக் காற்றைத் திணிக்கிறது. திணித்த காற்று சூடாகும், சூடானால் பெட்ரோல் முறை தவறி வெடித்து பிஸ்டனை ஓட்டையாக்கும். ஆகவே இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் டியூனிங் என்று செலவு வால் பிடித்து வரும்.

ஓடி முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். அதை வாசிக்கத் தெரிந்தால் மெக்கானிக் செலவில் பாதி மிச்சம். முதல் 60 அடி, 330 அடி, எட்டில் ஒரு மைல், 1,000 அடி, கால் மைல் என்று ஒவ்வொரு கட்டத்தின் நேரமும், இறுதி வேகமும் அதில் இருக்கும். நம் கணக்கில் 100 கிலோவாட் காருக்கு டயர் மாற்றியதில் நேரம் 14.0இலிருந்து 13.4 ஆனது, இறுதி வேகமோ இரண்டு முறையும் மணிக்கு 167 கிலோமீட்டர்தான். அதாவது, இறுதி வேகம் இன்ஜினின் ஜாதகம். 60 அடி நேரம் டயர், கிளட்ச், ஓட்டுநர் மூவரின் ஜாதகம். வேகம் நன்றாக இருந்து நேரம் மோசமென்றால் பானெட்டைத் திறக்கவே வேண்டாம்.

ஏழை வண்டி ஜெயிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். பிராக்கெட் பந்தயத்தில் ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 14.00 என்று எழுதியவருக்கு 11.50 என்று எழுதியவரைவிட இரண்டரை நொடி முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். சொன்னதைவிட வேகமாக ஓடினாலும் பொதுவாகத் தோல்விதான். ஆகவே வேண்டியது வேகமல்ல, தன் வண்டியைத் துல்லியமாக அறிவது. காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தியும் டர்போ இல்லாத இன்ஜினின் திறனும் சுமார் 3 சதவீதம் குறையும். கனமூலக் கணக்கின்படி 14 நொடி காருக்கு அது ஏறக்குறைய 0.15 நொடி. இந்த விளையாட்டில் வெற்றியையும் தோல்வியையும் பிரிக்க அதில் பாதி போதும்.

சாலைக்கு வந்தால் வேறு சட்டம். நியூசிலாந்தில் சாதாரண கார்களுக்கு 'வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ்' வேண்டும். இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்தால் எல்.வி.வி. என்ற தனிச் சான்றும், வண்டியில் பதிக்கும் உலோகத் தகடும் வேண்டும். பாதுகாப்புக்கு என்று பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டும் இந்தச் சோதனைக்கு உட்பட்டது. காரணம் இருக்கிறது: ஹெல்மெட்டோடு உயிர் காக்கும் குழாய், ஹெல்மெட் இல்லாமல் சாலையில் போகும்போது மண்டையை உடைக்கும். தெருவில் திரும்பத் திரும்பப் பந்தயம் விட்டு மாட்டினால் நீதிமன்றம் காரை நசுக்க உத்தரவிடலாம் என்று 2009இல் சட்டம் வந்தது. 2012இல் முதல் கார் நசுக்கப்பட்டது. நம்மூரில் ஈ.சி.ஆர். சாலையில் பறக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

கராஜில் இறங்குவதென்று முடிவு செய்துவிட்டீர்களா? ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இருக்கிற வண்டியை இருக்கிறபடியே ஒரு முறை ஓட்டி, சீட்டில் 60 அடி நேரத்தைப் பாருங்கள். பிறகு பிரேக்கும் டயரும் வாங்குங்கள். டர்போவைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம்.