அடக்கி வாசிக்கும் அணுக்கள்

"எதிர்ப்புச் சக்தி நல்லாத்தானே இருக்கு, டி.பி. எல்லாம் நமக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் பலர். கிருமியை அடிப்பது மட்டுமே எதிர்ப்புச் சக்தியின் வேலை என்று நினைப்பதால் எழும் கேள்வி இது. அடிக்கிற கையைப் பிடித்து நிறுத்துவதும் அதன் வேலைதான்.

நம் வெள்ளையணுக்களில் 'டி' அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றுள் பல போராளிகள். ஒரு சிறு பகுதி கட்டுப்பாட்டு அணுக்கள். "போதும், நிறுத்து" என்று சொல்பவை. இவை இல்லாவிட்டால் நம் படையே நம் உறுப்புகளைத் தாக்கிவிடும். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இவற்றை அடையாளம் காட்டினார். இதற்காக, தொடர்புடைய மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் 2025-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காசநோய்க் கிருமிக்கு இந்த நிதானம் வசதியாகப் போய்விடுகிறது. தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே அது குடியிருக்கும். கட்டுப்பாட்டு அணுக்கள் சீக்கிரமே பெருகி, போராளிகள் நுரையீரலுக்கு வந்து சேர்வதைத் தாமதப்படுத்துவதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. அந்த இடைவெளியில் கிருமி பெருகிவிடுகிறது.

அப்படின்னா கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. நுரையீரல் சிதைவதில் நம் அணுக்களின் ஆவேசத்துக்கும் பெரும் பங்கு உண்டு. டி அணுக்களுக்கு 'பிடி-1' என்று இன்னொரு கடிவாளம் இருக்கிறது. புற்றுநோய்க்காக அதை அவிழ்க்கும் மருந்து பெற்ற சிலருக்கு, அடங்கிக் கிடந்த டி.பி. கிளம்பியிருக்கிறது. மூட்டுவாதத்துக்காக எதிர்ப்பைக் குறைக்கும் சில மருந்துகளாலும் அது கிளம்பும். கடிவாளம் தளர்ந்தாலும் ஆபத்து, இறுகினாலும் ஆபத்து.

உலகில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினரே வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களுக்குத் தராசு சமமாகவே நின்றுவிடுகிறது. சர்க்கரை நோய், சத்துக்குறைவு, புகைப்பழக்கம், நீண்டநாள் ஸ்டீராய்டு ஆகியவை அந்தத் தராசைச் சாய்க்கக்கூடியவை.

ஆகவே, வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்றால், "எனக்கு இருமலே இல்லையே" என்று மற்றவர்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லையென்று உறுதியானால், டாக்டர் சொல்கிறபடி தடுப்பு மருந்தை முழுக்காலமும் சாப்பிட வேண்டும். அரசு மையங்களில் இது இலவசம். புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ புதிய மருந்து தொடங்கும்முன், வீட்டில் முன்பு டி.பி. இருந்ததா என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.